முந்நூற்றுப் பன்னிரண்டு கூறு

"என் கையெழுத்து விழுந்த பொருளை மடியில வெச்சுக் கொஞ்சலாம்," என்று அவர் அறிவித்தது பயிற்சிக் கூடத்தில், நாற்பத்திரண்டு புது ஊழியர்கள் முன்னிலையில், ஒலிபெருக்கி சகிதமாக. "கொஞ்சிக் காட்டட்டுமா? எதை வேணும்னாலும் கொண்டு வாங்க. இந்த இடத்துலயே கொஞ்சுறேன்."

யாரும் எதையும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. கை தட்டினால் சீக்கிரம் விடுவார் என்ற நம்பிக்கையில் எல்லோரும் கை தட்டினார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். எதையும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் அந்தத் திறமை இல்லாவிட்டால் அவர் அந்த நாற்காலிக்கு வந்திருக்கவே முடியாது.

அந்த நாற்காலி இருந்தது கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், கழிவறைக்கு எதிர் அறையில். கதவில் 'சிற்றளவு விடுவிப்பு மற்றும் கைமாற்றப் பிரிவு' என்று எழுதியிருக்கும். அணு உலை, ஆஸ்பத்திரியின் பெரிய எந்திரம் மாதிரியான சமாசாரங்களெல்லாம் கீழ் மாடிகளில் பெரிய மூளைகளிடம் போய்விடும். இவரிடம் வருவது பொடிப்பொடி விஷயங்கள்: கல்லூரிச் சோதனைக் கூடத்தில் மிஞ்சிய ஒரு துளி, கூரையில் மாட்டும் புகை எச்சரிக்கைப் பெட்டி, ரேடியம் பூசின பழைய கடிகார முகம். இவற்றை யார் யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எப்போது 'இது இனி எங்கள் கவலை இல்லை' என்று வெளியே விடலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு பொருளில் உள்ள கதிரியக்கம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் உரிமம் தேவையில்லை. பிரிவு அதிகாரி ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், அது சட்டத்தின் கண்ணுக்குக் கதவுக் குமிழ் மாதிரி ஆகிவிடும்.

அந்த அத்தியாயத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது. பல சிற்றளவுகள் ஓரிடத்தில் சேர்ந்தால் மொத்தத்தையே அளவாகக் கொள்ள வேண்டும் என்ற வரி. குழந்தைக்கும் புரியும். ஆனால் நம்மவர் குழந்தை இல்லை, பிரிவு அதிகாரி. அவர் அந்த வரியைப் பல மாதம் உற்றுப் பார்த்து ஒரு கண்டுபிடிப்புக்கு வந்தார்.

"சேர்ந்தால்னுதானே போட்டிருக்கு? நான் எங்க சேர்க்கிறேன்? நான் பிரிக்கிறேன். பிரிச்சுத்தான் வெளிய விடுறேன். அப்புறம் எவனாவது சேர்த்தா அது அவன் குற்றம்."

இதற்குப் பிறகு அந்த அறையில் வரம்பு மீறின பொருள் என்று ஒன்று இல்லாமலே போனது. பத்து மடங்கு இருந்தால் பத்தாகப் பிரிப்பார், பத்துச் சீட்டு. சந்தையில் கத்திரிக்காயைக் கூறு கட்டி வைப்பது மாதிரி அவர் மேஜையில் ரேடியம் கூறு கூறாக உட்கார்ந்திருக்கும். பதிவேடு பார்க்கும் அம்மா அவருக்கு 'கூறு சார்' என்று பேர் வைத்தார். காது கேட்கும் தூரத்தில் அவ்வளவுதான் பேர். தூரம் அதிகமானால் 'கெட்ட' என்ற வார்த்தை நடுவில் சேர்ந்துகொள்ளும்.

வீட்டிலும் அதே வித்தைதான். சர்க்கரை வியாதிக்கு டாக்டர், டீக்கு ஒரு கரண்டிக்கு மேல் சர்க்கரை கூடாது என்றார். இவர் ஒரு கரண்டிக்கு மேல் போட்டதே இல்லை. நாளைக்கு ஒன்பது டீ குடித்தார்.

"ஒன்பது கரண்டி ஆகுதேங்க," என்பார் மனைவி.

"ஒவ்வொண்ணும் வரம்புக்குக் கீழ."

"அதை உங்க ரத்தத்துக்கு யாராவது சொன்னீங்களா?"

மூன்றாண்டுக்கு முன் இந்த மேதைக்கு ஒரு பெருமை வாய்த்தது. விமானத்துக்கும் கப்பலுக்கும் அளவுமானி செய்துகொண்டிருந்த பழைய தொழிற்சாலை ஒன்றை மூடினார்கள். கிடங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு அளவுமானி முகங்கள் மிஞ்சியிருந்தன. உள்ளங்கை அகலம், மேலே கண்ணாடி, எண்களின் மேல் இருட்டில் மின்னுவதற்காக ஒருகாலத்தில் பூசின ரேடியச் சாயம். ஒழுங்கான வழி, மொத்தத்தையும் கதிரியக்கக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவது. அதற்கு இரண்டு வருஷம் ஆகும், இருபது அலுவலகம் ஏற வேண்டும். நம்மவர் பதினோரு நாளில் முடித்தார். ஒரு முகம், ஒரு சீட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு முகம், முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. வாங்கிக்கொண்டவர் ஒரே ஆள், பழைய பொருள் கடைக்காரர்.

"ஒரே ஆள் பேர்ல எழுத முடியாது. ஆளுக்கு ஒண்ணுதான். முன்னூத்திப் பன்னெண்டு பேர் வேணும்," என்றார் அதிகாரி.

"நாளைக்குக் காலையில தந்துடறேன் சார்," என்றார் கடைக்காரர்.

தந்தார். பெயர்கள் அழகான அகர வரிசையில், பையன்கள் தனியாக, பெண்கள் தனியாக, வகுப்பு வாரியாக இருந்தன. பதிவேட்டு அம்மா ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"சார், இது ஏதோ பள்ளிக்கூட வருகைப் பதிவேடு. ரெண்டு மூணு பேருக்கு 'நீண்ட விடுப்பு'ன்னு வேற போட்டிருக்கு."

"வயசு வரம்பு சட்டத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எழுதுங்க."

இப்படியாக எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தங்களுக்கே தெரியாமல் ரேடியத்துக்கு உரிமையாளர் ஆனார்கள். சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து நிபந்தனைகள் அச்சடிப்பது வழக்கம்: கண்ணாடியைக் கழற்றக் கூடாது, சுரண்டக் கூடாது, மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது, இத்யாதி. அவ்வளவு சீட்டுக்கு இரண்டு பக்கம் அச்சடித்தால் பதினோரு நாள் பதினைந்தாகிவிடும் என்று பின்பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னார். முன்பக்கத்தில் 'அச்சமின்றிப் பயன்படுத்தலாம்' என்ற வரியும், கீழே வால் நீண்ட அவருடைய கையெழுத்தும் இருந்தன. அந்த வேகத்துக்காக அலுவலகம் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். இணை இயக்குநர் நாற்காலிக்கு அவர் பெயர் பரிந்துரையில் ஏறியது. இந்த மாதமோ அடுத்த மாதமோ உத்தரவு வரும் என்ற நிலை.

அந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனார். மகளுக்கு ஏழாம் மாதம். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள், முதுகுவலி என்று விடுப்பில் இருந்தாள். மருமகன் மரச்சாமான் வடிவமைக்கிறவர். எந்தச் சுவரும் வெறுமையாக இருப்பதை அவரால் தாங்க முடியாது.

"மாமா, வாங்க வாங்க. பாப்பா ரூமைப் பார்க்கவே இல்லையே நீங்க," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கென ஒதுக்கின சின்ன அறை. நல்ல காற்று வரும் என்று மகள் இப்போதே அங்கேதான் படுக்கிறாளாம். ஜன்னல் பக்கம் கட்டில். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு, அளவுமானி முகங்கள். முள்ளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எப்படி மாமா? பழைய பொருள் கடையில பிடிச்சேன். முப்பத்தாறு. விமானத்துல இருந்ததாம்."

மாமாவுக்கு வாயில் டீயின் ருசி மட்டும் இருந்தது.

"இதுல வேடிக்கை கேளுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தா, எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. நான் உங்க பொண்ணுகிட்டச் சொன்னேன், உங்க அப்பா கையெழுத்து இருக்கு, இதைவிட என்ன உத்தரவாதம் வேணும்னு."

"சந்தோஷம் மாப்பிள்ளை," என்றார் அவர்.

"ஒரே ஒரு குறைதான். இருட்டுல மின்னும்னான், மின்னவே மாட்டேங்குது. சாயம் செத்துப்போச்சுபோல. வர ஞாயித்துக்கிழமை கண்ணாடியெல்லாம் கழட்டி, பழைய சாயத்தை நல்லாச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா மின்னுற சாயம் அடிக்கலாம்னு இருக்கேன். இங்கேயே உக்காந்து செஞ்சா அரை நாள் வேலை."

செத்தது மின்னும் பொடி மட்டும்தான். ரேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறைவதற்கே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும். சுரண்டினால் அது தூசியாகிப் பறக்கும், மூச்சில் போகும், எலும்பில் போய்க் குடியேறும். நம்மவர் இதைப் பயிற்சிக் கூடத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுக்கிறார், நடுவில் ஒரு நகைச்சுவையும் சேர்த்து.

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'மாப்பிள்ளை, தொடாதீங்க, நான் போட்ட கையெழுத்து தப்பு' என்று ஆறு வார்த்தையில் முடிகிற வேலை. அந்த ஆறு வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மருமகனுக்குத் தெரிந்தால் சம்பந்திக்குத் தெரியும், சம்பந்திக்குத் தெரிந்தது அலுவலகத்துக்குத் தெரிய ஒரு வாரம். "அவசரப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு வந்தார். உதவிக்கு வருகிறாராக்கும் என்று மருமகன் மகிழ்ந்தார்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு காகிதம் எடுத்து, பல வருஷங்களாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். கூட்டினார். வகுத்தல் அவருக்கு மனப்பாடம், கூட்டல்தான் துருப்பிடித்திருந்தது. முப்பத்தாறு முகம், கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு முழத் தூரம், நாளைக்கு இத்தனை மணி நேரம். விடையைப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்தார். மறுபடி விரித்துப் பார்த்தார். விடை கூறாகவில்லை.

பதிவேட்டு அம்மாவைக் கூப்பிட்டு, கதிர் அளக்கும் கருவி வேண்டும் என்றார். அது அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. எல்லாவற்றையும் காகிதத்திலேயே அளந்து பழகினவருக்கு அது தேவைப்பட்டதில்லை.

"என்ன சார், அதிசயமா? எதையாவது கொஞ்சப் போறீங்களா?" என்றார் அம்மா, தூசியை ஊதிக்கொண்டே.

"தொழிற்சாலைச் சீட்டோட நகல் கட்டையும் எடுங்க."

"முன்னூத்திப் பன்னெண்டுமா?"

"முப்பத்தாறு போதும்."

"அது என்ன சார் முப்பத்தாறு?"

"மாதிரிக்கு."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷம் பதிவேடு பார்த்தவருக்கு முகமும் ஒரு பதிவேடுதான். "முப்பத்தாறு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மீதி இருநூத்து எழுபத்தாறு எங்க சார் இருக்கு?"

"அதெல்லாம் வரம்புக்குக் கீழ."

"ஓகோ," என்றார் அம்மா. "தெரிஞ்ச வீட்டுல இருந்தா மேல, தெரியாத வீட்டுல இருந்தா கீழ. புது வரம்பா சார்?"

அவர் காது கேட்காத மாதிரி கருவியைப் பையில் வைத்தார். முறைப்படி செய்தால் அலுவலகமே வண்டி அனுப்பி முகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு படிவம் உண்டு. படிவத்தில் 'விடுவித்த அதிகாரியின் பெயர்' என்று ஒரு கட்டம், 'பிழையின் தன்மை' என்று ஒரு கட்டம். அந்த இரண்டு கட்டத்தையும் தாண்டி இணை இயக்குநர் நாற்காலிக்குப் போன மனிதர் இதுவரை யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மருமகன் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கித்தான் பையுமாக மகள் வீட்டில் போய் நின்றார்.

"சும்மாதான் வந்தேன். நீ முன்ரூம்ல உக்காரும்மா."

அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தி, கருவியைச் சுவர்ப் பக்கம் நீட்டினார். தகரத்தில் அரிசி மூட்டை அவிழ்ந்து கொட்டுகிற மாதிரி அது இரைந்தது. சத்தம் கேட்டு மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

"என்னப்பா அது, இப்படிக் கத்துது?"

"பழைய மெஷின்மா. எல்லாத்துக்கும் கத்தும்."

அவள் கருவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அது எப்போதாவது ஒரு தடவை 'டிக்' என்றது. கூடத்தில், 'டிக்'. திரும்பி வந்து கட்டிலின் தலையணைமேல் பிடித்தாள். அரிசி மூட்டை அவிழ்ந்தது.

"எல்லாத்துக்கும் கத்தலையே," என்றாள்.

"கொடும்மா அதை."

"சீட்டுல உங்க கையெழுத்து இருக்கு. அச்சமின்றின்னு போட்டிருக்கு."

"ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருக்கு. தனித்தனியாப் பார்த்தா ஒரு தப்பும் இல்ல. சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்."

"சேர்க்கக் கூடாதுன்னு சீட்டுல எங்கே இருக்கு?"

பின்பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் அலமாரியிலிருந்து சீட்டுகளை எடுத்து வந்து கட்டிலில் பரப்பினாள். மாணவர்களின் நோட்டைத் திருத்துகிற அதே முகம்.

"எல்லாம் ஒரே தேதி. ஒரே பேனா. முப்பத்தாறும் ஒரே கடைக்குத்தான் போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் பிரிச்சுத்தாம்மா விட்டேன்."

"அப்ப யார் சேர்த்தது? உங்க மாப்பிள்ளையா?"

'ஆமாம்' என்று சொல்ல அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. சட்டப்படி அதுதான் விடை. அவருக்கு வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த விடை அது. மகளின் வயிறு அவருக்கும் அந்த விடைக்கும் நடுவில் நின்றது.

"எத்தனை நாளா இங்கே படுக்கிறே?" என்று கேட்டார்.

"பத்தொன்பது நாள்."

"சாயத்தை யாராவது சுரண்டினீங்களா? கண்ணாடி ஏதாவது உடைஞ்சுதா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமைதான் சுரண்டறதா இருந்தார்."

ஜன்னலருகே போய், நான்காக மடித்த காகிதத்தை விரித்து, கருவி காட்டின எண்ணை அதில் எழுதி, மறுபடி கூட்டினார். விரல் விட்டுக் கூட்டினார். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"குழந்தைக்கு ஏதாவது ஆகுமாப்பா?"

"பத்தொன்பது நாளுக்கு ஒண்ணும் ஆகாது. பிறந்த பிறகும் இங்கேயே வளர்ந்திருந்தா, சுரண்டியும் இருந்தா, அது வேற கதை. எதுக்கும் டாக்டர்கிட்டச் சொல்லிடு."

"இதை அளந்து சொல்றீங்களா, கூறு போட்டுச் சொல்றீங்களா?"

அலுவலகத்துப் பேர் வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அளந்துதாம்மா."

அவள் முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முப்பத்தாறு முகங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பையில் அடுக்கினார். சுவரில் எழுபத்திரண்டு ஓட்டை மிஞ்சியது. ஈரத்துணியால் சுவரைத் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டு, கருவியை மறுபடி நீட்டிப் பார்த்தார். 'டிக்' என்றது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு 'டிக்'.

வாசலில் நின்று, "மாப்பிள்ளை கேட்டா, கறையான் வந்துடுச்சு, அப்பா கழட்டிட்டார்னு சொல்லிடு," என்றார்.

"அவர்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "மத்த வீட்டுலயெல்லாம் யாருப்பா கழட்டுவாங்க?"

"திங்கட்கிழமை பார்க்கிறேன்."

"எதைப் பார்ப்பீங்க?"

அவர் செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது.

பேருந்தில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இல்லை. கழிவுக் கிடங்கு இருக்கிற கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினார். பையை ஜன்னலோர இருக்கையில் வைத்தார். தான் நடைபாதையைத் தாண்டி எதிர்ப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். பைக்கு முன்னால் ஒருவர், பின்னால் இருவர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் தெரியாதவர்கள், ஆகவே வரம்புக்குக் கீழே.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடமே ஏறின மாதிரி கூட்டம் ஏறியது. நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யார் பைங்க இது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடத்துநர் பையைத் தூக்கப் போனார்.

"என்னோடதுதான்," என்றார் அவர்.

"டிக்கெட் எடுத்த ஆளுங்க நிக்கிறாங்க, பைக்கு எதுக்கு சார் சீட்டு? எடுத்து மடியில வெச்சுக்குங்க."

அவர் எழுந்து போய்ப் பையின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். தன் இருக்கையைப் பார்த்தார். அது இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"உக்காருங்க சார், உங்க இடம்தானே," என்றார் நடத்துநர்.

"இல்ல. நான் இறங்கிக்கிறேன்."

"நீங்க கேட்ட இடத்துக்கு இன்னும் எட்டு ஸ்டாப் இருக்கே."

"பரவாயில்ல," என்று சொல்லி இறங்கினார்.

உச்சி வெயில். எட்டு நிறுத்தம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் வலது கை, அதற்கடுத்த கம்பம் வரைக்கும் இடது கை என்று மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். எந்தக் கையில் இருந்தாலும் அந்தக் கை, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நீட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி நீண்டிருந்தது.